தவிலின் இடப்பக்கம்

1980-களின் கடைசியில் திருவையாற்றுப் பக்கம் கல்யாண வண்டி என்றால் மெட்டடார் வேன்தான். என் சித்தப்பா ஒன்று வைத்திருந்தார். முகூர்த்த நாளில் நாகஸ்வரக் கோஷ்டி, சமையல் பாத்திரம், இலைக்கட்டு எல்லாம் அதில்தான் ஏறும். டிரைவர் தலைக்கு மேல் கேசட் டெக், பின்னால் பலகைப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர். தவில் வாசிக்கிறவர்கள் உட்கார்ந்து போகிற வண்டி. சத்தத்தில் குறை இருந்தால் இறங்கும்போது சொல்லாமல் போக மாட்டார்கள்.

டெக் மாட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் கீழவாசலில் ரேடியோ கடை வைத்திருந்த அண்ணன். ஸ்பீக்கரைப் பெட்டியில் முடுக்குவதற்கு முன்னால் டார்ச் லைட்டிலிருந்து ஒரு பேட்டரிக் கட்டையை உருவுவார். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் வயரைப் பிடித்து, கட்டையில் ஒரு கணம் தொட்டு எடுப்பார். ‘டப்’ என்று ஒரு சத்தம். ஒன்றரை வோல்ட்டுக்குத் தாள் லேசாக அசையும். அதைப் பார்க்க முகத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சத்துக்கு நேராக வைத்துக்கொள்வார். தாள் வெளியே தள்ளினால் கட்டையின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. சரியான முனையில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். “ரெண்டு தாளும் ஒண்ணா மூச்சு விடணும் தம்பி” என்பார்.

அதைவிடத் தெளிவாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு தாள் காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுத்தால் கனத்த சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை சுமார் 3.4 மீட்டர் நீளம். காரின் இரண்டு கதவு ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர்கூட இருக்காது. அந்தச் சின்ன இடத்தில் அவ்வளவு நீள அலை தப்பிக்க வழியில்லை. 3000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலை 11 சென்டிமீட்டர்தான். அது ஓரிடத்தில் தேய்ந்தாலும் பக்கத்தில் எழும், காது கண்டுகொள்ளாது. அதனால் பாட்டு பாடிக்கொண்டுதான் இருக்கும். அடிச்சத்தம் மட்டும் இருக்காது. கோளாறு என்றே தோன்றாது என்பதுதான் இதில் எனக்குப் பொறுக்காத விஷயம்.

தவிலைக் கேட்டால் பிடிபட்டுவிடும். கூடு மாட்டிய விரல்கள் அடிக்கும் வலந்தலை இறுக்கமானது, கணீரென்று வரும். குச்சி விழும் இடப்பக்கம், தொப்பி, தாழ்ந்த நாதம். வயர் மாறினால் நாகஸ்வரம் இருக்கும், வலந்தலை இருக்கும், தொப்பி காணாமல் போகும்.

போன சம்பா நடவு சமயத்தில் அக்கா மகன் தன் காரில் ஆடுதுறைக்கு அழைத்துப்போனான். கம்பெனி கொடுத்த டெக்கைக் கழற்றிவிட்டு, பெரிய தொடுதிரை, கதவுகளுக்குப் புது ஸ்பீக்கர் என்று நிறையச் செலவழித்திருந்தான். திருவாவடுதுறை பக்கத்தில்தானே என்று எனக்காக அந்த ஊர் நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போட்டான். அவர் 1956-இல் மறைந்தவர். அவர் காலத்து இசைத்தட்டுகள் ஒற்றைத் தடப் பதிவுகள். இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வருவதால், வயர் மாறியிருந்தால் அழிவதும் முழுசாக அழியும். தோடி கம்பீரமாக வந்தது. தவில், தகர டப்பாவாக வந்தது.

“அடிச்சத்தம் கம்மிதான் மாமா. சப்-வூஃபர் வெச்சா சரியாயிடும்னு கடையில சொன்னாங்க.”

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, திரையில் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளச் சொன்னேன். தொப்பி வந்தது. வலப்பக்கம் தள்ளினான், அங்கேயும் வந்தது. நடுவில் வைத்தவுடன் போய்விட்டது. அதற்கு மேல் சோதிக்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து கதவுப் பலகையைக் கழற்றினோம். வலப்பக்க ஸ்பீக்கரில், கறுப்புக் கோடு போட்ட சாம்பல் வயர் அகலமான முனையில் ஏறியிருந்தது. அகல முனை பொதுவாகப் பிளஸ். கறுப்புக் கோடு மைனஸ். மாற்றிச் செருகினோம். சப்-வூஃபர் பேச்சை அவனே விட்டுவிட்டான்.

அந்த அண்ணன் காலத்தில் நிற ஒழுங்கு ஒன்றும் கிடையாது. டெக்குகள் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் வண்டி பாடியோடே சேர்ந்திருக்கும். இன்று வெளியில் வாங்கும் டெக்குகளில் முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா என்பது வழக்கமாகிவிட்டது. சோதித்துச் சொல்லப் போனிலேயே ஆப் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் கடையில் அரை நிமிஷம் ஒதுக்க ஆளில்லை. காசு வாங்கிக்கொண்டு தவிலில் பாதியைத் தூக்கிவிட்டு அனுப்புவதை என்னால் சின்னத் தவறு என்று விட முடியவில்லை.

கட்டையை வைத்துச் சோதிக்கிறவர்கள் டெக்கிலிருந்து வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். இன்றைய டெக்கின் ஸ்பீக்கர் வயர் பாடியில் பட்டாலும் ஆம்ப்ளிஃபயர் போய்விடக்கூடும். ட்வீட்டருக்கு இந்தச் சோதனை வேண்டாம். முன்னால் கெப்பாசிட்டர் இருந்தால் அசைவே தெரியாது. சில செட்டுகளில் வேண்டுமென்றேதான் ட்வீட்டரைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அதற்குக் கம்பெனிப் படத்தைப் பார்ப்பதே சரி.

பின் ஜோடிதான் இன்னும் ஏமாற்றும். பின்னால் இரண்டுமே மாறியிருந்தால் அவை தங்களுக்குள் ஒத்துப்போகும், முன் ஜோடியோடுதான் சண்டை போடும். பேலன்ஸைத் தள்ளினால் அது தெரியாது. ஃபேடரை முன்னும் பின்னும் நகர்த்தினால்தான் தெரியும். இதைச் சொன்னதும் அக்கா மகன் பின் கதவு ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்தான்.