பொருள்: ஹார்ட் டிஸ்க் தொடர்பாக

பெறுநர்: நுகர்வோர் விவகாரத் துறை, இந்திய அரசு, புது தில்லி.

அனுப்புநர்: கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழர் ஒருவர். இனி இம்மனுவில் ‘மனுதாரர்’ எனப்படுவார்.

பார்வை: தங்கள் துறை 24.12.2022 அன்று தொடங்கிய பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம். 2025 மே மாதம் தங்களிடம் வந்துசேர்ந்த பழுதுநீக்கக் குறியீட்டுக் குழுவின் அறிக்கை.

மதிப்பிற்குரிய துறையினருக்கு,

மனுதாரர் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர். ‘மூணு காப்பியா எழுதிக் குடுங்க’ என்று ஊராரிடம் சொல்லியே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவர். சொந்த விஷயத்தில் மட்டும் ஒரே ஒரு தடவை காப்பி எடுத்தார், அதுவும் தம்பி மகனின் நச்சரிப்பு தாங்காமல்.

அவருடைய மடிக்கணினி 2017இல் வாங்கியது. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அதன் வயிற்றுக்குள்ளிருந்து பல்லி சொல்வதுபோல ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தது. மனுதாரர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பல்லி சொல்லுக்கு எட்டுத் திசைக்கும் பலன் போட்டிருந்தது. கீபோர்டுக்கு அடியிலிருந்து சொன்னால் என்ன பலன் என்று போடவில்லை. மூன்றாம் நாள் பலன் தெரிந்துவிட்டது. கருப்புத் திரையில், துவக்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வரி.

அந்த ‘டிக்’ என்ன என்று பிறகுதான் அவருக்கு விளங்கியது. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே கண்ணாடிபோல் வழவழப்பான தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. அதற்குச் சில நானோமீட்டர் உயரத்தில் ஒரு முனை மிதந்தபடி படிக்கிறது, எழுதுகிறது. தலைமுடியின் தடிமனே ஐம்பதாயிரம் நானோமீட்டருக்கு மேல். முனையால் படிக்க முடியாதபோது அது தன் இருப்பிடத்துக்கு ஓடிப்போய்த் திரும்ப வந்து மறுபடி முயல்கிறது. அந்த ஓட்டத்தின் சத்தம்தான் ‘டிக்’. ஃபைல் கிடைக்காமல் சீட்டுக்கும் பீரோவுக்கும் நடக்கும் குமாஸ்தாவின் செருப்புச் சத்தம் என்று தாங்கள் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு (பெயர் வேண்டாம்) எடுத்துப்போனார். கவுன்ட்டரில் இருந்த பெண் முதலில் ஒரு படிவத்தை நீட்டினாள். ‘தங்கள் தகவல்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. அடுத்து, “பேக்கப் இருக்கா?” என்றாள்.

“இருக்கே. டி டிரைவ்ல பத்திரமா இருக்கு.”

அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வையை, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் சொந்தக்காரர்களைப் பார்க்கும்போதுதான் பார்க்கலாம்.

இந்த இடத்தில் துறையினர் கொஞ்சம் நிற்க வேண்டும். சி டிரைவ், டி டிரைவ் என்று திரையில் இரண்டு பெட்டி தெரிவதால் உள்ளேயும் இரண்டு பெட்டி இருப்பதாக நம்புகிறவர்கள் இந்த நாட்டில் மனுதாரர் ஒருவர் மட்டுமல்ல. விற்கும் கடைக்காரரே ‘சி-ல விண்டோஸ், டி-ல உங்க சாமான்’ என்று பிரித்துக் கொடுக்கிறார். அது ஒரே வீட்டில் நடுவே எழுப்பிய தட்டி. விண்டோஸ் மட்டும் கெட்டால் தட்டி காப்பாற்றும். வீடே இடிந்தால் தட்டிக்கு அந்தப்புறம் வைத்த நகையும் இடிபாட்டுக்குள்தான். சிகரெட் அட்டையில் புற்றுநோய்ப் படம் போடும் அரசு, டி டிரைவ் மீது ஒரு சின்ன மண்டையோடாவது போடக்கூடாதா?

சர்வீஸ் சென்டரின் ஆலோசனை, புதிய மடிக்கணினி வாங்கிவிடுங்கள் என்பது. மனுதாரர் மெட்ரோ ஏறி சாந்தினி சௌக்கில் இறங்கினார்.

டெல்லியில் அல்ல. கொல்கத்தாவுக்கும் ஒரு சாந்தினி சௌக் உண்டு. சித்தரஞ்சன் அவென்யூவை ஒட்டிய சந்துகளில் செத்த மின்பொருள் எதுவும் இரண்டாவது அபிப்பிராயம் கேட்காமல் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அங்கே ஒரு மேசையளவுக் கடை. “தாதா, என்ன ஆச்சு?” என்றார் மெக்கானிக். (தமிழ் வாசகர் பயப்பட வேண்டாம். வங்காள மொழியில் தாதா என்றால் அண்ணன்.) சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டார். “ஹொயே ஜாபே” என்றார். ஆகிவிடும் என்று அர்த்தம். எப்போது என்பது அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

அவர் வேலை செய்த விதத்தைத் தங்கள் குழு நேரில் பார்த்திருக்க வேண்டும். ஒரு காகிதத்தில் மடிக்கணினியின் அடிப்பாகத்தைப் பென்சிலால் வரைந்தார். கழற்றும் ஒவ்வொரு திருகையும் படத்தில் அதே இடத்தில், இருபுறமும் ஒட்டும் டேப் மீது நட்டார். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை. பின்பக்கத்து ரப்பர் காலை நகத்தால் நெம்பினார். அடியில் இன்னும் இரண்டு திருகு ஒளிந்திருந்தன. பிறகு கிடார் வாசிக்கும் பிளாஸ்டிக் வில்லையை விளிம்பில் ஓட்டினார், அப்பளம் நொறுங்குவதுபோல் கிளிப்புகள் வரிசையாக விட்டன. முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். அப்புறம்தான் டிஸ்க்கைத் தொட்டார். இரண்டரை அங்குல டிஸ்க், தகரத் தொட்டிலில் நான்கு திருகோடு படுத்திருந்தது. பழையதை எடுத்து அதே தொட்டிலில் அதே இரண்டரை அங்குல எஸ்எஸ்டியை வைத்து மாட்டினார். மண் குவளையில் வந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

வீட்டுக்கு வந்து, தம்பி மகன் சரஸ்வதி பூஜைக்கு வந்திருந்தபோது வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துப்போன முழு பேக்கப்பைத் திரும்ப ஏற்றப் போனார். மறுத்துவிட்டது. பழைய டிஸ்க் 1 டிபி. சிக்கனம் கருதி மனுதாரர் வாங்கியது 500 ஜிபி. உள்ளே இருந்த சரக்கு என்னவோ 140 ஜிபிதான். ஆனால் விண்டோஸ் தானே எடுக்கும் முழுப்படி, சரக்கைப் பார்ப்பதில்லை, வீட்டின் அளவைப் பார்க்கிறது. பழைய வீட்டைவிடச் சின்ன வீட்டுக்குக் குடிவர மாட்டேன் என்றது, பீரோவும் கட்டிலும் தாராளமாக அடங்கும் என்றாலும்கூட. மறுநாள் மீண்டும் சாந்தினி. மெக்கானிக் சிரித்தார். “டிஸ்க் சோட்டோ, தாதா.” டிஸ்க் சின்னது என்று அர்த்தம். மேலே பணம் கட்டி 1 டிபி வாங்கினார்.

அது திரையில் 931 ஜிபி என்று காட்டியது. திருப்பிக் கொடுத்த 500 ஜிபியோ 465 காட்டியிருந்தது.

துறையினரே, சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 தங்கள் கையில்தான் இருக்கிறது. லேக் மார்க்கெட்டில் ஒரு கிலோ முருங்கைக்காயில் எழுபது கிராம் குறைந்தால் தராசைப் பறிமுதல் செய்ய ஆள் உண்டு. இங்கே ஐந்நூறுக்கு முப்பத்தைந்து குறைகிறது, ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. நியாயமாகச் சொன்னால் இதில் திருட்டு இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, பைட்டுகள் இரண்டிலும் அத்தனையேதான். ஆனால் விற்பவன் ஒரு படியிலும் வாங்குபவன் ஒரு படியிலும் அளக்கும் சந்தையை ஒழிக்கத்தானே எடையளவுத் துறை வந்தது? பெட்டிமேல் இரண்டு எண்ணையும் அச்சடிக்கச் சொன்னால் மை எவ்வளவு செலவாகிவிடும்?

ஏற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மடிக்கணினி கண் விழித்தது. அதன் மனதில் அன்றைக்கு இன்னும் பிப்ரவரி. அதற்குப் பிறகு வந்த வரிக் கணக்கு, பென்ஷன் தாள், பேத்தியின் அரங்கேற்றப் படங்கள் எல்லாம் டி டிரைவோடு போயின. வங்காளத்தில் சரஸ்வதி பூஜை வசந்த பஞ்சமியன்று. நம்முடையது நவராத்திரியில். நடுவே செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை வேறு. ஆக அந்த இயந்திரத்துக்கு வருடம் மூன்று பூஜை நடந்தது. சந்தனமும் குங்குமமும் மும்முறை, பேக்கப் ஒருமுறை.

குற்றம் மனுதாரருடையதுதான். மறுக்கவில்லை. ஆனால் இது நடந்த ஊரைத் தாங்கள் கவனிக்க வேண்டும். காப்பி எடுப்பதற்கென்றே ஒரு மாளிகை கட்டிய ஊர் இது. 1777இல் கட்டத் தொடங்கிய ரைட்டர்ஸ் பில்டிங் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘ரைட்டர்’களுக்காக எழுந்தது. ரைட்டர் என்றால் எழுத்தாளர் அல்ல, எழுதுகிறவர். நம்மூர் ஸ்டேஷன் ரைட்டர் இன்றும் சுமக்கிற அதே பட்டம்; 1744இல் ராபர்ட் கிளைவ் சென்னைக்கு வந்து இறங்கியதும் அந்த வேலைக்குத்தான். லண்டனுக்குப் போகும் கடிதங்களைக் கம்பெனி ஒன்றுக்கு மேற்பட்ட படிகளாக எழுதி வெவ்வேறு கப்பலில் அனுப்பும். ஒரு கப்பல் மூழ்கினாலும் இன்னொன்று போய்ச் சேரும். டி டிரைவ் என்று சொல்லி இரண்டு படியையும் ஒரே கப்பலில் ஏற்றும் முட்டாள்தனத்தைக் கொள்ளைக்காரக் கம்பெனிகூடச் செய்யவில்லை.

சுதந்திர இந்தியாவும் இதை நன்றாகவே அறிந்திருந்தது. 1954இல் வந்த நூல்கள் வழங்கல் சட்டப்படி, இந்த நாட்டில் யார் புத்தகம் வெளியிட்டாலும் 30 நாளுக்குள் சொந்தச் செலவில் ஒரு படி அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு படியும் அனுப்ப வேண்டும். நான்கு திசையில் நான்கு படி! அனுப்பாவிட்டால் 50 ரூபாய் வரையிலும் புத்தக விலையும் அபராதம். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிற்பாடு ‘மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில்’ என்று சூத்திரம் போட்டுப் புகழ்பெற்றார். நம் நாடாளுமன்றம் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அந்தச் சூத்திரத்தைத் தாண்டிவிட்டது. சட்டம் வந்த மறு வருடமே நாட்டின் முதல் டிஜிட்டல் கணினியான ஹெச்.இ.சி-2எம் இதே நகரின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அதன் நினைவகம் சுழலும் உருளை. மனுதாரரின் டிஸ்க்குக்குப் பெரியப்பா முறை. கொள்ளளவு 1,024 சொற்கள். இந்த மனுவே அதில் அடங்காது.

படி வைத்தவர் பிழைத்ததும் வைக்காதவர் வீழ்ந்ததும் தாங்கள் அறியாததல்ல. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸின் சர்வர்களைப் பிணைத்தொகை வைரஸ் பூட்டியது. இரண்டு வாரம் போலச் சீட்டும் பேனாவுமாக ஓடியது மருத்துவமனை. பாதிக்கப்படாத பேக்கப் சர்வரிலிருந்து தகவல் மீண்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. தென் கொரியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அதிகாரிகள் ஃபைல் போட்டுவைக்கும் ஜி-டிரைவின் 858 டிபி போயிற்று. அளவு பெரிது என்பதால் வெளியே பேக்கப் இல்லை. கொரியர்களுக்கு ஜி, மனுதாரருக்கு டி.

இனி பழுதுநீக்கக் குறியீட்டுக்கு வருவோம். பிரிப்பது எவ்வளவு எளிது, பழுதுநீக்கத் தகவல் உண்டா, உதிரிபாகம் காலத்தில் வருமா, மென்பொருள் புதுப்பிப்பு, கருவி, திருகு வகை என்று ஆறு அளவுகோல் வைத்தது குழு. சாந்தினி மெக்கானிக்கை உட்கார வைத்துக் கேட்டிருந்தாலும் இதே ஆறைத்தான் சொல்லியிருப்பார், ரப்பர் காலுக்கு அடியில் திருகு வைப்பவர்களுக்கு ஏழாவதாக ஒரு வசவோடு. ஆனால் முதல் முன்னுரிமை கைபேசிக்கும் டேப்லெட்டுக்குமாம். பிரான்ஸ் 2021 ஜனவரி 1 அன்று தன் குறியீட்டைத் தொடங்கியபோது முதல் ஐந்து பொருளிலேயே மடிக்கணினி இருந்தது, புல்வெட்டும் இயந்திரத்தோடு. நம் மடிக்கணினி வரிசையில் பின்னால் நிற்கிறது.

அது நிற்கும் நேரத்தில் திருகே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஆப்பிள் 2016இல் டச் பார் வைத்த மேக்புக் ப்ரோவிலேயே சேமிப்புச் சில்லைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிட்டது. மெலிந்த உடம்புக்கு ஆசைப்பட்டு மற்றவர்களின் சில மாடல்களும் அதே வழியில். அதில் பலகை போனால் தகவலும் கூடவே உடன்கட்டை. உடன்கட்டையை 1829இல் இதே கொல்கத்தாவிலிருந்துதான் தடை செய்தார்கள்.

புதுப்பிப்பு பற்றியும் ஒரு சொல். டிஸ்க் மாற்றி மனுதாரர் நிம்மதியாக உட்கார்ந்த சில வாரத்தில், 2025 அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. அவர் இயந்திரத்தின் ஏழாம் தலைமுறைச் சில்லை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. மாற்று இருதய அறுவை முடிந்து வீடு திரும்பியவருக்கு ரேஷன் கார்டு ரத்தானதுபோல.

ஆகவே மனுதாரர் பணிவுடன் கோருவது: மடிக்கணினியைக் குறியீட்டில் இப்போதே சேர்க்க வேண்டும். சேமிப்பகம் திருகில் நிற்கிறதா, பற்றவைத்திருக்கிறதா என்பதைப் பெட்டியின் முகப்பில், விலைக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் அச்சடிக்கச் செய்ய வேண்டும். 500 என்றால் 465 என்றும் கூடவே போட வேண்டும்.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: மூடியை மாட்டிய பிறகு மிஞ்சிய திருகு ஒன்று. எங்கே போக வேண்டியது என்று குழு கண்டுபிடித்தால் தெரிவிக்கவும்.

நகல்: மனுதாரரின் வெளி டிஸ்க்குக்கு ஒன்று, பென் டிரைவில் ஒன்று, திருச்சியில் அக்கா வீட்டு அலமாரிக்குத் தபாலில் ஒன்று.