கால்வாய்ப் படகில் விருந்தோம்பல்: முழங்கால் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கினார். பத்துக் குறளிலும் வந்தவர் எங்கே படுப்பார் என்ற கேள்வி எழவில்லை. அவர் குளித்தால் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்ற கவலையும் இல்லை. காரணம் எளிது. அக்காலத்து இல்வாழ்வார் தரையில் வாழ்ந்தார்கள். பணி ஓய்வுக்குப் பின் வீட்டை விற்றுவிட்டு, 6 அடி 10 அங்குல அகலமுள்ள இரும்புப் படகில் குடியேறி, அதற்குள் நண்பர்களையும் வரவழைக்கும் தம்பதியரைப் பற்றி நம் நூல்கள் வாய் திறக்கவில்லை. அந்தக் குறையை ஓரளவு போக்க முயல்கிறது இக்கட்டுரை.

ஆய்வுக்களம் இங்கிலாந்தின் கென்னட்–ஏவன் கால்வாய். ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல் வரை செல்லும் 87 மைல் நீர்வழியின் ஒரு பகுதி. ஆய்வு மாந்தர் ஒரு தலைவன், ஒரு தலைவி. அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு; இங்கும் அவ்வாறே. தலைவன் பள்ளியில் புவியியல் கற்பித்தவர். தலைவி செவிலியர், என் மனைவியோடு பல ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தவர். ஆகவே என் மனைவி தோழி, நான் பாங்கன். பாடல்களில் பாங்கனுக்குப் பெரிய வேலை கிடையாது, தலைவனுக்குப் புத்தி சொல்வதோடு சரி. படகில் அப்படி இல்லை என்பதே இவ்வாய்வின் மையக் கருத்து. அதைப் பற்றிப் பிறகு.

ஆய்வாளரின் சார்புநிலையையும் சொல்லிவிட வேண்டும். நான் மயிலாப்பூரில் வளர்ந்தவன். எங்கள் ஊர்ப் பக்கிங்காம் கால்வாய் 1806இல் கோக்ரன் கால்வாயாகத் தொடங்கி, 1878இல் ஆளுநர் பெயரைப் பெற்று, ஒரு காலத்தில் விறகும் உப்பும் சுமந்த படகுகளால் நிறைந்திருந்தது. என் காலத்தில் அதன் தலைக்கு மேல் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. கால்வாய் என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாக மூக்குக்குப் போகும் தலைமுறை என்னுடையது. எனவே ‘நாலு நாள் கால்வாயில் வந்து தங்குங்கள்’ என்ற அழைப்பை நான் முதலில் ஒரு மிரட்டலாகவே எடுத்துக்கொண்டேன்.

இனி முன்னாய்வுகள். இத்துறையில் யாரும் எதுவும் செய்யவில்லை என்று எழுதிவிட்டால் உழைப்பு மிச்சம்; உண்மை அதற்கு இடம் தரவில்லை. படகறையில் எத்தனை பேர் படுக்கலாம் என்ற கேள்வியை பிரிட்டிஷ் நாடாளுமன்றமே ஆராய்ந்திருக்கிறது. அன்றைய சரக்குப் படகின் பின்கோடியில், சுமார் பத்தடி நீள அறைக்குள், ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தியது. ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இதை எதிர்த்து ஓயாமல் குரல் கொடுத்ததன் பயனாக 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. படகுகள் பதிவாயின, அறைக்கு இத்தனை தலை என்று கணக்கு வந்தது. குடியிருப்பவரை எண்ணிய அச்சட்டம், வார இறுதிக்கு வந்து போகிறவரை எண்ண மறந்துவிட்டது.

இரண்டாவது சான்று இன்னும் கனமானது. டாம் ரோல்ட்டும் மனைவி ஏஞ்சலாவும் ‘கிரெஸ்ஸி’ என்ற படகில் வாழ்ந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் அல்லர். ஆனால் ரோல்ட் எழுத்தாளர் என்பதால் வருமானத்தில் பெரிய வேறுபாடு இருந்திராது. அவர் 1944இல் வெளியிட்ட ‘நேரோ போட்’ நூலைப் படித்துவிட்டு, ராபர்ட் ஐக்மன் என்ற லண்டன்காரர் மறு ஆண்டு தம் மனைவியோடு டார்டபிக் என்னுமிடத்துக்கு வந்து ரோல்ட் தம்பதியரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பிலிருந்து 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. தூர்ந்துபோகவிருந்த கால்வாய்கள் பல பிழைத்தன. 1951இல் அதே சங்கம் ரோல்ட்டையே வெளியேற்றியது. அதே ஆண்டு ஏஞ்சலா படகை விட்டு சர்க்கஸில் சேர்ந்தார். விருந்தாளி மீது பழி போட இதில் இடமில்லை. ஆயினும் படகுக்கு ஒரு விருந்தாளி வந்தால் என்ன நடக்கலாம் என்பதன் மேல் எல்லை இதுவெனக் கொள்க.

படகின் அகலம் முதலில் ஆராயத்தக்கது. 1766இல் அனுமதி பெற்ற ட்ரென்ட்–மெர்சி கால்வாயில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் லாக்குகளை ஏழடி அகலத்தில் கட்டினார். லாக் என்பது இருபுறமும் கதவுள்ள தொட்டி. படகை உள்ளே விட்டு நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவது. தொட்டி சிறுத்தால் செலவும் சிறுக்கும், தண்ணீரும் மிஞ்சும் என்று அவர் கணக்குப் போட்டார். அன்று அவர் மிச்சம் பிடித்த காசுக்கு, இன்று நான் குளியலறைக்குப் போகும்போதெல்லாம் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கென்னட்–ஏவன் லாக்குகள் பதினாலடி அகலம்தான். ஆனால் நாடு முழுதும் சுற்ற நினைக்கும் படகு ஏழடிக்குள் அடங்கியே தீர வேண்டும். சுவர்கள் போக உள்ளே மிஞ்சுவது ஆறடி. எதிரெதிரே வரும் இருவரில் ஒருவர் சமையலறைக்குள் ஒதுங்கி வழிவிட வேண்டும். யார் ஒதுங்குவது என்பதில் முதல் நாள் ஏகப்பட்ட உபசாரம் நடக்கும். இரண்டாம் நாள் தோளை இடித்துக்கொண்டு போவார்கள்.

விருந்தினர் கட்டில் என்பது சாப்பாட்டு மேசைதான். இரவில் மேசைப் பலகையை இறக்கி, இரு பக்கத்து இருக்கைகளுக்கும் நடுவே பொருத்தி, மெத்தையை விரித்தால் படுக்கை. இதிலிருந்து இரு விதிகள் பிறக்கின்றன: வீட்டார் உண்டு முடிக்காமல் விருந்தாளி உறங்க முடியாது, விருந்தாளி எழாமல் வீட்டார் காலை உணவு உண்ண முடியாது. தலைவி ஆறு மணிக்கு எழுந்து, ஓசைப்படாமல், மிக மிக ஓசைப்படாமல், கெட்டிலைத் தேடுவார். அந்த மௌனத்தின் சத்தத்தில் நாங்கள் விழித்துக்கொள்வோம்.

சங்கப் பாடல்களில் களவொழுக்கம் ஊருக்குத் தெரிந்துவிடுவதை ‘அலர்’ என்பார்கள். படகில் அலர் தூற்றுவது தண்ணீர் பம்ப். நள்ளிரவில் எவரேனும் குழாயைத் திறந்தால் பன்னிரண்டு வோல்ட் மோட்டார் உறுமும். படகின் ஐம்பத்தேழடி நீளத்துக்கும் செய்தி போய்விடும். காலையில் தலைவி, “ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கம் வரவில்லையா?” என்று கனிவாகக் கேட்பார். செவிலியர் அல்லவா.

குளியலில் மட்டும் நம் மரபு வென்றது என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன். தொட்டியில் இருப்பது சில நூறு லிட்டர். அது தீர்ந்தால் அடுத்த குழாயடி வரை படகை ஓட்ட வேண்டும். ஆகவே ஷவரை நனைய மட்டும் திறந்து, மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து மூட வேண்டும் என்பது படகு நெறி. என் மனைவி ஒரு வாளியும் பிளாஸ்டிக் குவளையும் கேட்டு வாங்கினாள். அரை வாளியில் குளியல் முடிந்தது. தலைவன் வாளியை எட்டிப் பார்த்து, மிச்சமிருந்த தண்ணீரைக் கண்டு, ஒரு கணம் பேச்சற்று நின்றார். இருநூறாண்டுப் படகு நாகரிகம் ஏன் இதைக் கண்டுபிடிக்கவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

நட்பை அளக்க ஓர் அலகு தேவை. நான் முன்மொழிவது ‘கேசட்’. பாட்டுக் கேசட் அல்ல. கழிவறைக்கு அடியில் இழுத்து எடுக்கும் பெட்டி. சுமார் இருபது லிட்டர் கொள்ளும். இருவருக்கு எத்தனை நாள் தாங்குமோ, நால்வர் ஆனதும் அதில் பாதிதான். நிறைந்ததும் கரையோரத்து ‘எல்சன்’ வரை சுமந்து போய்க் காலி செய்ய வேண்டும். எல்சன் ஒரு வணிகப்பெயர். நம் ஊர் ஜெராக்ஸ் போலப் பொதுப்பெயராகிவிட்டது. கேசட்டோடு நடப்பவருக்கு எதிரே வருபவர் வணக்கம் சொல்லாவிட்டாலும் வழி விடுவார். முதல் நாள் தலைவன் அதைத் தூக்கியபோது நான் கை நீட்டினேன். “நீங்கள் விருந்தாளி” என்று மறுத்தார். மூன்றாம் நாளும் கை நீட்டினேன். மறுக்கவில்லை.

அழைப்பு எந்த நாளில், எந்த இடத்துக்கு வருகிறது என்பதை இனி நோக்குவோம். நிலையான கட்டுத்துறை இல்லாத படகு ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே முகவரி ஊர்ந்துகொண்டே இருக்கும். நாளை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம் அல்லது இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம், இரண்டையும் முடியாது என்று படகுவாசிகள் விருந்தினரிடம் சொல்வதுண்டு. எங்களுக்கோ தலைவி நாள், இடம் இரண்டையும் தாமே குறித்து அனுப்பினார். பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவனில் காரை நிறுத்திவிட்டு ஏறுங்கள், டிவைசஸில் இறங்குங்கள் என்று. அன்பு என்று நினைத்தோம். இந்த இரு ஊர்களுக்கும் இடையில் கேன் ஹில் இருப்பதை நான் வரைபடத்தில் பார்க்கவில்லை.

கேன் ஹில்லில் 29 லாக்குகள். இரண்டு மைலுக்குள் 72 மீட்டர் ஏற்றம். முதலில் ஏழு, பிறகு மலைச்சரிவில் நேர்க்கோட்டில் பதினாறு, ஊருக்குள் நுழைய இன்னும் ஆறு. 1810இல் இதைக் கட்டியதோடுதான் கால்வாய் முழுமை பெற்றது; பொறியாளர் ஜான் ரென்னி. நடுவிலுள்ள பதினாறும் நெருங்கி நிற்பதால், அவற்றுக்கு நீர் சேர்த்து வைக்க இடமின்றி, பக்கவாட்டில் குளங்கள் வெட்டினார். 1996 முதல் அடிவாரத்திலுள்ள பம்புகள் பதினோரு நிமிடத்துக்கு ஒரு லாக் அளவு தண்ணீரைத் திரும்ப உச்சிக்கு ஏற்றுகின்றன. தண்ணீரை மேலேற்ற மின்சாரம் இருக்கிறது. படகை மேலேற்ற நண்பர்கள்.

அடிவாரத்தில் தலைவன் என் கையில் ஓர் இரும்புக் கைப்பிடியைக் கொடுத்தார். விண்ட்லஸ் என்று பெயர். மதகுப் பலகையைத் தூக்கும் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றுவது. “இது விருந்தினருடையது” என்றார். அதன் பிடி எத்தனையோ பாங்கர்களின் உள்ளங்கையால் தேய்ந்து பளபளத்தது. இந்த நொடியில்தான் ஆய்வுக் கருதுகோள் எனக்கு உறைத்தது: படகுத் தம்பதியர் விருந்தினரை அழைப்பதில்லை, ஆள் எடுக்கிறார்கள். ஐயம் இருப்பவர், சமதளமான கால்வாயில் தங்களுக்கு எத்தனை அழைப்பு வந்தது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

வேலை இதுதான். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூட வேண்டும். மேல் மதகைத் திறக்க வேண்டும். நீர் ஏறும். மேல்கதவுகள் இரண்டும் நீர் வரும் திசை நோக்கிக் கூம்பி நிற்பவை. நீரின் அழுத்தமே அவற்றைப் பூட்டிவைக்கும். இருபுறமும் மட்டம் சமமாகும்வரை, ஓரங்குலம் மிச்சமிருந்தாலும், பீமனே வந்தாலும் திறக்காது. சமமானபின் கதவின் நீண்ட மரத்தண்டில் முதுகைக் கொடுத்துச் சாய வேண்டும்; கையால் தள்ளுபவர் புதியவர். என் மனைவி முன்னே போய் அடுத்த லாக்கைத் தயார் செய்தாள். சுக்கானில் தலைவி. ஆழத்தில் இருந்து அவருடைய தொப்பி முதலில் எழும், அப்புறம் முகம், கடைசியில் தேநீர்க் கோப்பை.

பதினாலடி லாக்கில் இரு படகுகள் பக்கம் பக்கமாக நிற்கும். துணைப்படகும் ஒரு தம்பதியருடையதே. அதில் வந்திருந்த விருந்தாளியும் கையில் விண்ட்லஸோடு நின்றார். ஓய்வு பெற்ற தபால்காரராம். இருவரும் ஒப்பீட்டு ஆய்வில் இறங்கினோம். அவர்களுக்கு ஆறு லாக்குக்கு ஒரு முறை பன்றியிறைச்சி சாண்ட்விச். எங்களுக்கு பிஸ்கட். நான் சைவம் என்பதை மறைத்து, அநியாயம் என்று ஒப்புக்கொண்டேன்.

கரையில் நின்று சும்மா வேடிக்கை பார்ப்பவருக்குக் கால்வாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கோங்கூஸ்லர்’. அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: குளிர்காலத்தில் குளிராதா? தலைவி ஒவ்வொரு முறையும் அடுப்பைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். பதினெட்டாம் லாக்கில் ஒருவர் என்னிடமே கேட்டார். எனக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

ஒரு முடிவை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. கதவுகள் இரண்டு, தண்டுகள் இரண்டு. ஒரு கரையில் நான், மறு கரையில் தலைவன், நடுவில் பதினாலடித் தண்ணீர். மட்டம் சமமாகும்வரை செய்ய ஒன்றுமில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, தண்ணீரைப் பார்த்தால் போதும். பதினொன்றாம் லாக்கில் அவர் தம் இதய அறுவை சிகிச்சை பற்றிச் சொன்னார். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறார், அதைச் சொன்னதில்லை. வீட்டை ஏன் விற்றார்கள் என்பதைப் பதினாலாம் லாக்கில் பாதி, பதினைந்தில் மீதி சொன்னார். இடையில் கதவு திறந்துகொண்டது. எங்கள் வீட்டுக் கதை என் வாயிலிருந்து இருபதுக்குப் பிறகு வந்தது. அக மாந்தர் என்பதால் விவரம் தவிர்க்கப்படுகிறது.

டிவைசஸில் இறங்கி, டாக்சி பிடித்துக் காருக்குப் போனோம். படகில் இரண்டரை நாளில் வந்த தூரம் அரை மணியில் முடிந்தது. என் மனைவி டாக்சியில் தூங்கிவிட்டாள். மொத்த விருந்து ஒன்றேகால் கேசட்.

வீட்டுக்கு வந்து இரு வாரம் கழித்து, காரின் டிக்கியில், என் கோட்டுக்கு அடியில், அந்த இரும்புக் கைப்பிடி கிடந்தது. “தபாலில் அனுப்பிடுங்க” என்றாள் மனைவி. எடை பார்த்தேன், செலவைக் கேட்டு, நேரில் பார்க்கும்போது கொடுக்கலாம் என்று வைத்துவிட்டேன். பிப்ரவரியில் தலைவியின் குறுஞ்செய்தி வந்தது. இந்த வசந்தத்தில் டார்டபிக் பக்கம் போகிறார்களாம். ரோல்ட் படகு நின்ற ஊர், அவசியம் பார்க்க வேண்டிய இடம், நாளை நாங்களே தேர்ந்தெடுக்கலாம். தேடிப் பார்த்தேன். நாட்டிலேயே நீண்ட லாக் வரிசை அங்கேதான்: 30.

செய்தியின் கீழே இன்னொரு வரி இருந்தது: “உங்கள் விண்ட்லஸை மறக்காமல் எடுத்து வாருங்கள்.”