நாலு தந்தியில் இடி: யுகுலேலேயை உறும வைத்தல் பற்றிய ஓர் ஆய்வு

நைலான் தந்தி பூட்டிய சாதாரண மர யுகுலேலேயிலிருந்து ராக் கச்சேரிக்குரிய உறுமலை வரவழைக்க முடியுமா? முடியும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. முடியாது என்போர் நான்கு தடைகளை எழுப்புவர். அவற்றை வரிசையாக ஆராய்வாம்.

அதற்கு முன் வம்ச வழி. 1879 ஆகஸ்டில் மதீரா தீவிலிருந்து 'ரேவன்ஸ்கிராக்' கப்பலில் ஹோனலூலு வந்திறங்கிய போர்த்துகீசியரில் மூன்று தச்சர்கள், ஊரில் பழகிய மச்செத்தே என்ற சிறு கருவியை ஒட்டி யுகுலேலேயைச் செய்யத் தலைப்பட்டனர். மறு ஆண்டே பிரான்சில் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டனர். அதிர்வை மின்சாரமாக்கித் தரும் இன்றைய பீசோ பிக்அப்புக்கு அதுவே மூலம். இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று தள்ளுவது ஆய்வு நெறியன்று.

மின்கிட்டாரின் ஜாதகமும் இங்கே பொருந்துகிறது. வணிகத்தில் முதலில் வெற்றி கண்ட மின்கிட்டார், 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் விற்ற, 'வாணலி' என்று பட்டப்பெயர் பெற்ற அலுமினியக் கருவி. ஹவாய் இசைக்காக மடியில் கிடத்தி வாசிப்பது அது. எனவே யுகுலேலே மின்சாரம் கேட்பது பழைய பாக்கியை வசூலிக்கும் முறையே.

உறுமல் என்றால் என்ன? 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சிறிய ஆம்ப்பின் ஒலிபெருக்கிக் காகிதத்தை பிளேடால் கீறி, அந்தக் கரகரப்பையே பாட்டாக்கினார். ஆக, உறுமல் என்பது விரும்பி வரவழைத்த கோளாறு. கோளாறுக்கு யுகுலேலேயிடம் குறைவில்லை.

தடை ஒன்று: நைலான். மின்கிட்டாரின் காந்தப் பிக்அப்புக்கு உலோகத் தந்தியின் அசைவுதான் தெரியும். நைலான் எவ்வளவு துள்ளினாலும் அது கண்டுகொள்ளாது. விடை: காந்தத்தை விட்டு அழுத்தத்தைப் பிடிக்க வேண்டும். பிரிட்ஜில் தந்திகள் ஏறி உட்காரும் வெள்ளைச் சேடிலுக்கு அடியில் மெல்லிய பீசோ பட்டை ஒன்று போதும். ஆனால் அது தந்தியோடு நிற்காது. பலகையில் மோதிரம் இடித்தாலும் ஆம்ப்பிடம் கோள் சொல்லிவிடும்.

தடை இரண்டு: தகரக் குரல். பீசோவை நேரே ஃபஸ் பெடலில் செருகினால் அடிநாதம் கரைந்துபோகும். உள்ளீட்டு மின்தடை ஒரு மெகாஓமுக்குக் குறையாத ப்ரீஆம்ப் இடையில் இருக்க வேண்டும். அதன் பிறகே டிஸ்டார்ஷன், அதன் பிறகே கிட்டார் ஆம்ப். அந்த ஆம்ப்பின் 12 அங்குல ஒலிபெருக்கி, சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கீச்சொலியைத் தானே விழுங்கிவிடும்.

தடை மூன்று: ஊளை. ஆம்ப்பின் சத்தத்தில் யுகுலேலேயின் வெற்று வயிறு அதிர, அந்த அதிர்வு பிக்அப் வழியே மீண்டும் ஆம்ப்புக்கே போய்ச் சேர, சபை காதைப் பொத்தும். ஒலித்துளையில் ஸ்பாஞ்சை அடைத்து, ஆம்ப்புக்கு எதிரே நில்லாமல் ஒதுங்கி நின்றால் பெரும்பாலும் அடங்கும்.

தடை நான்குதான் கடினம்: அடிநாதமே இல்லை. கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் தொடங்க, வழக்கமான ஜி-சி-ஈ-ஏ சுருதியில் யுகுலேலேயின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 262 ஹெர்ட்ஸில் நிற்கிறது. போதாக்குறைக்கு, தாழ்ந்திருக்க வேண்டிய ஜி தந்தியும் சி-யை விட உயர்ந்து 392 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இதைக் குறை என்போர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து மீட்டி டிஸ்டார்ஷன் வழியே அனுப்பினால், இரண்டின் வித்தியாசமான சுமார் 130 ஹெர்ட்ஸும் புதிதாக எழும். கருவியிலேயே இல்லாத கீழ்ஸ்தாயி சி அது. தவிர, ராக் உலகின் பவர் கார்டு என்பதே இந்த சி-ஜி போன்ற ஜோடிதான். சாதாரணச் சுருதியில் உள்ள கிட்டாரில் பவர் கார்டை மேலும் கீழும் நகர்த்த வழக்கமாக இரண்டு விரலாவது வேண்டும். இங்கே பக்கத்துப் பக்கத்துத் தந்திகளின் சுருதியே அந்த ஜோடி என்பதால் ஒரே விரலைக் கிடத்தி இழுத்தால் போதும்.

பேர்ல் ஜாம் பாடகர் எட்டி வெட்டர் 2011இல் 'யுகுலேலே சாங்ஸ்' என்று ஓர் ஆல்பமே வெளியிட்டார். ராக்கர் யுகுலேலேக்காகக் குரல் தணித்ததற்கு அது சான்று. இக்கட்டுரை வேண்டுவது எதிர்த்திசைச் சான்று. குயின் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'யை நான்கே தந்திகளில் வாசித்த ஹோனலூலுக்காரர் ஜேக் ஷிமாபுகுரோ அதற்கு வலுச் சேர்க்கிறார்.

குடைவில்லாத கட்டை உடலும் எஃகுத் தந்தியும் பூட்டிவிட்டால் இத்தனை தடையும் இல்லையே என்பர் சிலர். அது குட்டி மின்கிட்டாரே அன்றி யுகுலேலே அன்று என மறுப்பர் வேறு சிலர். இரு தரப்பும் ஒப்பும் செய்தி ஒன்று உண்டு: ஜாக்கில் ஒயரைச் செருகியதுமே பல ப்ரீஆம்ப்புகள் விழித்துக்கொள்ளும். ஒத்திகை முடிந்து அதைப் பிடுங்க மறந்தால், கச்சேரிக்கு முன்பே 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோகும்.