83 லட்சம் புள்ளிகளும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

கேள்வி: கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன். 43 இன்ச் 4கே டிவியையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஆலத்தியூர், அரியலூர் மாவட்டம்

பதில்: வைக்கலாம். நாற்காலியை மட்டும் வாசலில் போட்டுக்கொள்ள வேண்டும்! உங்கள் ஊர் ராம்கோ மாதிரி சிமென்ட் ஆலைகளில் சூளையைக் கன்ட்ரோல் ரூம் திரைகளில் கவனிப்பார்கள். அங்கே பெரிய திரை சுவரில் இருந்தாலும் எட்டி நின்று பார்க்கலாம். நீங்களோ இரண்டடியில் உட்கார்ந்து, மணப்பெண் பெயரில் புள்ளி விழுந்ததா என்று தேடுபவர்.

4கே என்றால் 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். 43 இன்ச்சில் பரப்பினால் இன்ச்சுக்கு 102 வரும். 27 இன்ச்சில் அடக்கினால் 163. நெருக்கம் குறைந்தால் பொடி எழுத்தில் ‘ணை’யின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி மங்கும். அப்புறம் சம்பந்தி வீட்டாருக்கு யார் பதில் சொல்வது? இன்னொன்று, பல டிவிகள் நிற விவரத்தைக் குறைத்தே காட்டும். மஞ்சள் பத்திரிகையில் சிவப்பு எழுத்தின் ஓரம் கசியும். செட்டிங்கில் ‘பிசி’ மோடு இருந்தால்தான் சரியாகும்.

27 இன்ச் 4கே, ஐபிஎஸ் பேனல் வாங்குங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் விண்டோஸில் 150 சதவீதம் வையுங்கள். 32 இன்ச் ஃபுல் எச்டி மலிவாகக் கிடைக்கும். அதில் இன்ச்சுக்கு 69 புள்ளிதான், வேண்டவே வேண்டாம். கம்ப்யூட்டரில் எச்டிஎம்ஐ 2.0 இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய 1.4 என்றால் 4கே-யில் நொடிக்கு 30 காட்சிதான், மவுஸ் இழுபடும். கடைக்குப் போகும்போது உங்கள் பத்திரிகை ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள்.