தம்பி கண்ட உலோகம், அக்கா சொன்ன சாட்சி

கே: அலுமினியம் ஒரு காலத்தில் தங்கத்தைவிட விலை அதிகமாமே, நிஜமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: 1850-களின் தொடக்கத்தில் நிஜம்தான். பிறகு விலை இறங்கியது. ஆனாலும் ஏழை கைக்கு எட்டவில்லை. 1884-ல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் 100 அவுன்ஸ் எடையுள்ள அலுமினியப் பிரமிடு ஒன்றை வைத்தார்கள். அப்போது ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 1 டாலர். ஒரு கூலியாளின் நாள் சம்பளமும் ஏறக்குறைய அதுவே. தூணில் ஏற்றும் முன் அந்தப் பிரமிடை நியூயார்க்கில் டிஃபனி நகைக்கடையில் தரையில் வைத்துக் காட்டினார்கள். வந்தவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிட்டு, வாஷிங்டன் தூணையே தாண்டிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள்!

இத்தனைக்கும் அலுமினியம் அபூர்வப் பொருளே அல்ல. நாம் மிதிக்கிற களிமண்ணில் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஆக்சிஜனை அது பிடித்திருக்கும் பிடி உடும்புப்பிடி. அந்தப் பிடியை விடுவிக்க சோடியம் என்ற இன்னொரு விலை உயர்ந்த உலோகத்தைச் செலவழிக்க வேண்டியிருந்தது.

கே: அந்தப் பிடியை விடுவித்தவர் விறகுக் கொட்டகையில் வேலை செய்தாராமே? அங்கே என்ன ஆய்வுக்கூடம் இருந்திருக்கும்? (பள்ளி ஆசிரியை, விருதுநகர்)

ப: சார்லஸ் மார்ட்டின் ஹால். 1863-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர், பாதிரியார் மகன். ஓபர்லின் கல்லூரியில் அவருக்கு வேதியியல் கற்பித்தவர் ஃபிராங்க் ஜூவட். ஜெர்மனியில் படித்து வந்த அந்த ஆசிரியர், அலுமினியத்தை மலிவாக எடுக்க வழி காண்பவன் பெரும் செல்வந்தனாவான் என்று வகுப்பில் சொன்னார். ஹால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கல்லூரியிலிருந்து பேட்டரிகளைக் கடன் வாங்கினார். மற்றவற்றைத் தானே செய்துகொண்டார். பட்டம் வாங்கியது 1885-ல். அதற்குப் பின் வீட்டு விறகுக் கொட்டகைதான் ஆய்வுக்கூடம்.

இனிதான் விஷயமே. அலுமினிய ஆக்சைடு உருக 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். விறகுக் கொட்டகையில் அதற்கு எங்கே போவது? அலுமினிய உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜன்தான் வரும், உலோகம் வராது. ஆகவே அந்த ஆக்சைடைக் கரைக்கக்கூடிய, எளிதில் உருகக்கூடிய ஓர் உப்பு வேண்டும். ஒவ்வொன்றாகச் சோதித்தவர் கிரையோலைட்டில் வந்து நின்றார். அது கிரீன்லாந்தில் கிடைத்த வெள்ளைக் கல். சுமார் 1,000 டிகிரியில் உருகி, அலுமினிய ஆக்சைடைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும்.

மின்சாரம் செலுத்தினார். வந்தது அலுமினியம் அல்ல, சாம்பல் நிறப் படிவு. பலர் இந்த இடத்தில் உப்பைக் குற்றம் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஹால் சட்டியைச் சந்தேகித்தார்! மண்ணால் செய்த மூசையிலிருந்து சிலிக்கா கரைந்து காரியத்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, உட்புறம் முழுவதும் கரியால் பூசிக்கொண்டார். 1886 பிப்ரவரி 23 அன்று மூசையை ஆறவைத்து உடைத்தபோது உள்ளே வெள்ளி நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள். அப்போது அவருக்கு வயது 22. என் மதிப்பில் அவருடைய மேதைமை முழுவதும் அந்தக் கரிப்பூச்சில் இருக்கிறது.

கே: 22 வயதுப் பையன் தன்னந்தனியாகவா இதைச் செய்தார்? நம்ப முடியவில்லை. (இல்லத்தரசி, கோயம்புத்தூர்)

ப: நம்பாதீர்கள், நீங்கள் சொல்வதுதான் சரி! அக்கா ஜூலியா ஹால் கூடவே இருந்தார். தம்பிக்கு மூத்தவர், அதே ஓபர்லினில் அவரும் வேதியியல் படித்தவர். தாய் நோயில் விழுந்தபோது வீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அடுப்பையும் பார்த்தார், கொட்டகையையும் பார்த்தார். தம்பி என்ன செய்தார், எப்போது செய்தார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எவ்வளவு தூரம் அவர் கூட்டுக் கண்டுபிடிப்பாளர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் அவர் சாட்சி இல்லாமல் அமெரிக்கக் காப்புரிமை ஹாலுக்குக் கிடைத்திருப்பது கடினம் என்பது என் உறுதியான கருத்து. பாடப்புத்தகத்தில் தம்பி பெயருக்குப் பக்கத்தில் அக்கா பெயரும் அச்சாக வேண்டும்.

கே: காப்புரிமைக்குச் சாட்சி எதற்கு? (வழக்கறிஞர், மதுரை)

ப: பிரான்சில் பால் எரூ என்ற இளைஞர் இதே முறையைத் தானாகவே கண்டுபிடித்து, 1886 ஏப்ரலில் காப்புரிமை கேட்டுவிட்டார். ஹால் விண்ணப்பித்ததோ ஜூலையில். முந்தியவர் எரூ. ஆனால் அமெரிக்கச் சட்டம் பார்த்தது, செய்து காட்டிய நாளை. பிப்ரவரி 24 அன்று அண்ணன் ஜார்ஜுக்கு ஹால் எழுதிய கடிதம் இருந்தது. ஜூலியாவின் சாட்சியும் இருந்தது. 1889-ல் காப்புரிமை ஹாலுக்கே வந்தது. இருவருக்கும் பகை இல்லை. 1911-ல் ஹாலுக்கு பெர்கின் பதக்கம் கொடுத்தபோது எரூ கடல் தாண்டி வந்து வாழ்த்தினார். இருவரும் பிறந்தது 1863, மறைந்தது 1914. இன்றும் உலகம் ஹால்-எரூ முறையில்தான் அலுமினியம் எடுக்கிறது.

கே: மறுநாளே கோடீஸ்வரர் ஆகிவிட்டாரா? (வங்கி ஊழியர், சேலம்)

ப: இல்லை. ஒரு நிறுவனம் ஒரு வருடம் அவரை வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. பிறகு பிட்ஸ்பர்க்கில் ஆல்ஃபிரட் ஹன்ட் என்பவர் 20,000 டாலர் திரட்டிப் புது நிறுவனம் தொடங்கினார். 1888 இறுதியில் ஹாலும் ஆர்தர் டேவிஸ் என்ற இளைஞரும் ஆளுக்கு 12 மணி நேரம் முறை வைத்து, நாளுக்குச் சுமார் 50 பவுண்டு எடுத்தார்கள். 1893-ல் பவுண்டு விலை 1 டாலருக்கும் கீழே போனது. 1895-ல் மின்சாரத்துக்காக நயாகராவுக்கே போய்விட்டார்கள். ஹன்ட் தொடங்கிய அந்த நிறுவனம்தான் பின்னாளில் அல்கோவா. ஹால் திருமணம் செய்துகொள்ளவில்லை. சொத்தில் மூன்றில் ஒரு பங்கை ஓபர்லினுக்கு எழுதிவைத்தார். ஆசியாவில் கல்வி வளரவும் பெரும் பங்கு போனது.

கே: எங்கள் வீட்டு இட்லிப் பானைக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டா? (குடும்பத் தலைவி, சென்னை)

ப: உங்கள் ஊருக்கே உண்டு. 1890-களின் இறுதியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். இன்று அது எழும்பூர் கவின்கலைக் கல்லூரி. அலுமினியத் தகடு மலிவாகியிராவிட்டால் அங்கே யாரும் சுத்தியல் எடுத்திருக்க மாட்டார்கள். இட்லி தாராளமாக அவியுங்கள். புளிக்குழம்பை மட்டும் வேறு பாத்திரத்தில் வையுங்கள், புளி அலுமினியத்தை அரிக்கும்.

கே: ஹாலுக்குச் சிலை உண்டா? (மாணவி, நெல்லை)

ப: ஓபர்லினில் உண்டு, அலுமினியத்திலேயே! கனமில்லாததால் மாணவர்கள் குறும்புக்கு அதைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கங்கே வைத்துவிடுவார்களாம். இப்போது பெரிய கருங்கல்லோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள்.