டேப்பு எந்தக் கட்சி?

மருமவனே, ஓடைக்கு மேக்க புஞ்சை வாங்கப் போறியாம்ல. நாளைக்கு அளவாம். "சென்ட் கணக்குலதான் பேச்சு, ஸ்டீல் டேப்பு பொய் சொல்லாது"ன்னு உங்க அத்தைகிட்ட மார் தட்டினியாமே. படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும். டேப்பு பொய் சொல்லாது. கட்சி சேரும், அம்புட்டுதான்.

விக்கிறவரு தங்கமான மனுஷன். டேப்போட மறுநுனியை அவரு மவன்தான் பிடிப்பான். சின்னப் பய, இறுக்கி இழுத்தா கை வலிக்கும் பாரு. 30 மீட்டர் டேப்பு நடுவுல ஒரு அடி தொய்ஞ்சா 8 மில்லிமீட்டர் கூடக் காட்டும். போவட்டும். ஓடைப்பக்கம் சரிவுல்லா? 30 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் இருக்குற எடத்துல டேப்பைத் தரையோட தரையாப் போட்டா 17 மில்லிமீட்டர் கூட. குறுக்க கருவேலஞ்செடின்னு வளைஞ்சு போனா அதுவும் கூட. எப்பவோ அறுந்து ரிவெட் அடிச்ச டேப்பா இருந்து, ஒட்டுல ரெண்டு விரக்கடை போயிருந்தா, போடுற போட்டுக்கெல்லாம் கூட. ஒருவாட்டி கூடி ஒருவாட்டி குறைஞ்சா கழிஞ்சு போவும். இது அத்தனையும் ஒரே பக்கமாச் சேரும். இல்லாத மண்ணுக்கு நீ ரூபா எண்ணணும்.

உன் கட்சிக்கு உள்ள ஆளு சூரியன்தான். 20 டிகிரி சூட்டுக்குன்னு அளவு குறிச்ச டேப்பு அதுக்கு மேல இன்னும் 20 டிகிரி ஏறினா 7 மில்லிமீட்டர் நீளும். நீண்ட டேப்பு நெலத்தைக் குறைச்சுத்தான் காட்டும். அதனால மண்டை வெயில்ல அளக்கச் சொல்லு, குடை கொண்டு போயிராத. அவரு வெவரமான ஆளுன்னா கருக்கல்லயே வந்து கதவைத் தட்டுவாரு.

அந்தக் காலத்துல சர்வே பண்ண வந்த வெள்ளைக்காரர் லாம்டன் துரைக்கு இந்த சாமர்த்தியம் பத்தல. 1802ல பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் கோடு அளக்க, 100 அடி எஃகுச் சங்கிலியை மரத்தொட்டியில கிடத்தி, முக்காலி வச்சுத் தாங்கி, கூடவே தெர்மாமீட்டரும் வச்சு, ரெண்டு மாசம் கிட்ட அங்கயே கிடந்தாரு. உனக்கு அரை நாள் போதும்.

பூஜ்யம் எங்க தொடங்குதுன்னு மட்டும் குனிஞ்சு பாத்துக்கோ. சில டேப்புல வளையத்தோட வெளிவிளிம்பு, சிலதுல உள்ள தள்ளி ஒரு கோடு. கேட்டா சர்வேயர் முறைப்பாரு. முறைச்சா முறைக்கட்டும். ஒவ்வொரு போட்டு முடிவுலயும் குத்துன கம்பிகளையும் நீயே எண்ணு. ஒரு கம்பி விட்டுப்போனா மொத்தமா 30 மீட்டர். நான் இம்புட்டு நேரம் கத்துன மில்லிமீட்டரெல்லாம் அதுக்கு முன்னால தூசி.

சரிவுல டேப்பை மட்டமாப் பிடிச்சு, தூக்குக்குண்டு விட்டு, துண்டு துண்டா இறங்கச் சொல்லு. பய கையில இருக்கிற நுனியை நீ வாங்கிக்கோ, "நீ போயி வெளையாடுப்பா"ன்னு. அளவு முடிஞ்சதும் சர்வேயருக்கு ரெண்டு இளநி வெட்டிக் குடு. குடிச்சு வாயைத் துடைக்கையில, அந்தக் கோடியில இருந்து இன்னொருக்கா அளக்கலாமான்னு கேக்கணும்லா.