டிஎன்எஸ் அண்ணன்

எந்தச் சின்ன ஆபீஸுக்குப் போனாலும் ஒரு டிஎன்எஸ் அண்ணன் இருப்பார். அங்கே மொத்தமே நாலு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும்தான் இருக்கும். எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அஞ்சு வரி எழுதினால் கதை முடிந்தது. ஆனால் அஞ்சு வரியில் முடிகிற வேலைக்கு அண்ணன் எதற்கு? மேஜைக்கடியில் பழைய சிபியு ஒன்றை வைத்து, லினக்ஸ் ஏற்றி, அதன்மேல் பைண்ட் என்ற டிஎன்எஸ் சாஃப்ட்வேரைப் போட்டு, 53-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

"பிரிண்ட் வரலையே அண்ணே" என்று போய் நின்றால், 1983-இலிருந்து தொடங்குவார். "அதுக்கு முன்னாடி அர்ப்பாநெட்ல இருந்த அத்தனை மெஷின் பேரும் ஒரே ஃபைல்ல இருந்துச்சு தம்பி. கலிபோர்னியாவுல எஸ்ஆர்ஐ-ல வெச்சிருந்தாங்க. பால் மொக்கபெட்ரிஸ்னு ஒருத்தர் வந்துதான்..." கதை 1987-ஐத் தொடுவதற்குள் கேட்டவர் எதிர்த்த ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, கையெழுத்தும் வாங்கியிருப்பார்.

பெயர் சூட்டுவதில் அண்ணன் கல்கி ரசிகர். சர்வர் குந்தவை, பிரிண்டர் வந்தியத்தேவன், அக்கவுண்ட்ஸ் மெஷின் பழுவேட்டரையர். "வந்தியத்தேவன் எங்க இருக்கான்னு குந்தவைக்கே தெரியலை சார்" என்று அவர் ரிப்போர்ட் கொடுக்கும்போது முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டும்.

சம்பிரதாயத்தில் குறை வைக்க மாட்டார். ஒரு டொமைனுக்குக் குறைந்தது இரண்டு நேம் சர்வர் வேண்டும் என்பது விதி. அண்ணனும் இரண்டு எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் ஒரே ஐபி, ஒரே சிபியு, ஒரே பிளக் பாயிண்ட். ஜோன் ஃபைலைத் தொட்டால் சீரியல் நம்பரைக் கூட்ட வேண்டும், அப்போதுதான் மற்ற சர்வர் புதிதாக நகல் எடுக்கும். நகலெடுக்க இன்னொரு சர்வரே இல்லாத ஊரில், தேதி போட்டு, இரண்டு இலக்கம் சேர்த்து, பயபக்தியோடு கூட்டிக்கொண்டிருப்பார்.

எதுவும் வேலை செய்யவில்லையென்றால் டிடிஎல் கைகொடுக்கும். "86400 செகண்ட் போட்டிருக்கேன் சார். பழைய அட்ரஸ் மறக்க ஒரு நாள் ஆகும்." மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைவது அண்ணனின் ராசி.

"ரவுட்டரே இதைப் பார்த்துக்குமாமே?" என்று யாராவது கேட்டுவிட்டால், சொத்தில் பங்கு கேட்ட மாதிரி பார்ப்பார். சர்வருக்குள் டிஎன்எஸ் என்று அவர் கொடுத்திருக்கும் முகவரி 127.0.0.1, அதாவது அதே மெஷின். சந்தேகம் வந்தால் தன்னையே கேட்டுக்கொள் என்று அர்த்தம். அண்ணனின் கொள்கையும் அதுவே.

அவர் லீவு போட்டால் ஆபீஸ் திண்டாடுகிறது என்று முதலாளி ஒரு பையனைச் சேர்த்துவிட்டார். "தம்பிக்கும் கத்துக்குடுங்க." அண்ணன் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். ஜோன் ஃபைலில் முழுப்பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும், விட்டால் 'குந்தவை.ஆபீஸ்' என்பது 'குந்தவை.ஆபீஸ்.ஆபீஸ்' ஆகிவிடும். முதல் பாடம் அது. பையனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது; பாடம் இன்னும் புள்ளியைத் தாண்டவில்லை.